காது மிஷினுக்குச் சுங்கம்

"அம்மா, மழை இப்பல்லாம் ஏன் சத்தம் போடறதில்ல?" என்று பியூலா கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஓட்டின் மேல் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற இடத்தில் வாளி வைக்க ஓடிக்கொண்டிருந்த தபீதாள் அப்படியே நின்றுவிட்டாள்.

முந்தின கோடையில் வந்த காய்ச்சல் குழந்தையின் செவிப்புலனில் முக்கால்வாசியைக் கொண்டுபோயிருந்தது. மிஷின் வைத்தால் கேட்கும் என்றார் டாக்டர். தபீதாள் வேலை பார்த்த தாம்பரத்துப் பள்ளிக்கூடத்திலேயே, "காது கேக்காத பிள்ளைய அத்தனை பேர் நடுவுல உக்கார வச்சு என்ன செய்ய, டீச்சர்? மிஷின் வரட்டும், சேத்துக்கறேன்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

இங்கிலாந்தில் நர்ஸாக இருந்த அக்கா ரத்தினபாய், சேமிப்பை எடுத்துப் புது மிஷின் ஒன்று வாங்கினாள். சுங்கம் எவ்வளவு வருமோ என்றுதான் தபீதாளுக்குப் பயம். அவளுடைய கணவன் எட்மண்ட் ரயில்வேயில் குமாஸ்தா. இரண்டு சம்பளமும் மாதக் கடைசியை எட்டுவதில்லை. "பழையது என்று எழுதி அனுப்பு, அக்கா. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று தபீதாள் எழுதினாள். அக்கா அப்படியே செய்தாள்.

பார்சல் சென்னைக்கு வந்து சுங்க ஆபீசில் நின்றது. நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டும் என்று வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. தபீதாள் அரை நாள் லீவு போட்டு, பியூலாவைக் கூட்டிக்கொண்டு மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து சுங்க ஆபீசுக்கு நடந்தாள்.

சுங்க அதிகாரி கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். பெட்டியைப் பிரித்து, தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதாக இருந்த அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழசுன்னு போட்டிருக்கு. ஒரு கீறல் கூட இல்லையேம்மா?"

"எங்க அக்கா வேலை பாக்கற ஆஸ்பத்திரியில ஒரு வயசானவங்க வச்சிருந்தது, சார். அவங்க இறந்துட்டாங்க."

அவர் அவ்வளவு கேட்கவில்லை. இல்லாத ஒரு கிழவியைத் தானே உண்டாக்கி, உடனே சாகவும் அடித்துவிட்டோமே என்று தபீதாளுக்கே திகைப்பாக இருந்தது.

"நீங்க என்ன பண்றீங்க?"

"டீச்சர், சார்."

அவர் பேனாவை எடுத்தார். "டீச்சர் சொன்னா சரி. எட்டு ரூபா கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க. பாப்பாவுக்கு நல்லாக் கேக்கட்டும்." கருவியை எப்படித் திருகிச் சத்தம் கூட்டுவது என்று பியூலாவுக்கு அவரே காட்டிக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் எதிரே உட்கார்ந்த ஆளைச் சுங்க ஆபீஸ் வரிசையில் பார்த்த ஞாபகம் இருந்தது. பொழிச்சலூர்க்காரர், பொன்னுரங்கம் என்று பெயர். மடியில் ஒரு ரேடியோப் பெட்டி.

"மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து ஆசையா அனுப்சான்கா. கட்ன துட்டப் பாத்தா, கவர்மென்ட்டு கையில வெலைக்கு வாங்கிகினு போற மாதிரி கீது!"

"பழசுன்னு சொல்லிப் பாக்கலையா?" என்று கேட்டுவிட்டாள் தபீதாள்.

"சொன்னேனே! நம்பணுமே! 'டேய், அட்டைப்பொட்டி வாசனையே இன்னும் போகல'ன்றாரு. என் மூஞ்சி அப்டி. உனுக்கு இன்னாக்கா, டீச்சரு. உன் வாயில பொய் வருமா?"

பல்லாவரத்தில் அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார். தாம்பரம் வருகிறவரை தபீதாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பியூலாவுக்குக் காது கேட்டது. குழாயில் தண்ணீர் சொட்டுவதற்கும், அப்பா காப்பி உறிஞ்சுவதற்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜூன் மாதம் பள்ளியில் சேர்ந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தபீதாள் முழங்காலிட்டு நன்றி சொன்னாள். ஆனால் நன்றி பாதியிலேயே தடுக்கி நின்றது. ஞாயிறு பள்ளியில், பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சியைப் பற்றிய கற்பனையை அவள் நடத்தவேண்டிய வாரம் வந்தபோது, தொண்டை சரியில்லை என்று வேதசிரோமணி டீச்சரிடம் தள்ளிவிட்டாள். அது இன்னொரு பொய் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"போய் உண்மையைச் சொல்லிட்டு மிச்சத்தக் கட்டிட்டு வந்துடறேங்க," என்றாள் எட்மண்டிடம்.

"யார்கிட்டப் போய்ச் சொல்லுவ? உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாரே, அவர்கிட்டயா? நீ சுத்தமாயிடுவ. அந்த மனுஷனைக் கூப்பிட்டு எப்படி விட்டீங்கன்னு கேப்பாங்க."

"அப்ப என்னதான் செய்யறது?"

"பேசாம இரு. ஆண்டவர் நம்ம நிலைமையைப் பாக்காமலா இருக்கார்?"

அவன் சொன்னதில் ஒரு பாதி சரி என்று அவளுக்குத் தெரிந்தது. நல்லது செய்தவருக்குத் தன்னால் ஒரு கெடுதி வரக்கூடாது. ஆனால் பேசாமல் இருப்பதும் கடனைக் கட்டுவதும் ஒன்றுக்கொன்று தடை இல்லையே என்று யோசித்தாள்.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும் வழியில் தபால் ஆபீசில் நுழைந்தாள். பார்சல் பார்க்கும் சுப்பராயலுவிடம், "வெளிநாட்டுலேர்ந்து காது மிஷின் புதுசா வந்தா எவ்வளவு கட்டணும், சார்?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான் வந்துடுச்சே, டீச்சர்?"

"தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு."

அவர் விலையைக் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் உத்தேசமாகக் கணக்குப் போட்டுச் சொன்னார். அவளுடைய சம்பளத்தில் பாதிக்கு மேல் வந்தது. தபீதாள் தலையாட்டிவிட்டு, ஐந்து ரூபாய்க்குத் தபால்தலை கேட்டாள்.

அதிலிருந்து சம்பளம் வாங்கிய மறுநாள் ஐந்து ரூபாய்க்குத் தபால்தலை வாங்குவது அவள் வழக்கமாயிற்று. மாலைக் காப்பியை நிறுத்தினாள். நடந்தே பள்ளிக்குப் போனாள். நடை உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதாக எட்மண்ட் நினைத்துக்கொண்டான்.

"அக்காவுக்கு வண்டி வண்டியா எழுதறீங்க போல! அங்கேர்ந்து பதில் வரதா? ஒண்ணும் நம்ம கண்ணுல படலியே?" என்று சுப்பராயலு கேலி செய்வார். அவள் சிரித்து மழுப்புவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் பொய்யாகிவிடும் என்று பயம்.

கிறிஸ்துமஸ் இரண்டு தடவை வந்து போயிற்று. ஒரு மாதம் பியூலாவுக்கு அம்மை வார்த்ததில் தபால்தலை வாங்க முடியவில்லை. அடுத்த மாதம் பத்து ரூபாய்க்கு வாங்கிச் சரிக்கட்டினாள்.

சுப்பராயலு போட்ட கணக்கில், கட்டிய எட்டு ரூபாய் போக மிச்சத்தின் கடைசி ஐந்து ரூபாய் ஒரு சனிக்கிழமை முடிந்தது. எட்மண்ட் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். பியூலா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கொல்லையில் கத்திக்கொண்டிருந்தாள். தபீதாள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். ஒட்டாத, முத்திரை விழாத அந்தத் தபால்தலைகளை இரண்டாக, நான்காகக் கிழித்தாள். மாதாமாதம் செய்தது போலவே அடுப்பில் போட்டாள். தபால்தலைக்குக் கொடுத்த காசும் சுங்கக் காசும் போய்ச் சேருவது ஒரே சர்க்கார் கஜானாவுக்குத்தான். பசை கருகும் வாசனை கொஞ்ச நேரம் இருந்தது.

அது போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அதே நெருப்பில் உலையை ஏற்றினாள்.