மேசைமேல் விழித்திருந்த நாய்

அவளுடைய அக்காவின் கணவர் பேர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மேடை'. எங்கே மேடை போட்டிருந்தாலும் அவர் கால் தானாக ஏறிவிடும். அதே மருத்துவமனையில் மயக்க மருத்துவராக இருந்த அவள், அவருக்குக் கொழுந்தியாள். வீட்டில் அவரை அத்தான் என்பாள். மருத்துவமனைக்குள் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். உறவு தெரிந்தால் மரியாதை குறைந்துவிடுமாம். குறைவதற்கு அங்கே என்ன இருந்தது என்று அவள் கேட்டதில்லை.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் அவருடைய ஆய்வுக்கூடம் இருந்தது. கம்பிக் கூண்டுகளில் நாய்கள். சின்ன நாயின் இதயத்தை எடுத்துப் பெரிய நாயின் கழுத்தில் பொருத்தித் துடிக்கவிடுவது அவருடைய ஆராய்ச்சி. அவர் பிறப்பதற்கு முன்பே வேறெங்கோ செய்து பார்த்து, கற்க வேண்டியதைக் கற்று, புத்தகத்திலும் எழுதி முடித்துவிட்ட விஷயம் அது. இங்கே இன்னும் யாரும் செய்யவில்லையே என்பார். அந்தக் கணக்குப்படி, தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவனும் நதியைக் கண்டுபிடித்தவன்தான்.

வகுப்பில் மருத்துவ வரலாறு எடுக்கும்போது அவர் குரல் குழைந்துவிடும். மயக்க மருந்து வராத காலத்தில், நாயின் பாதங்களைப் பலகையில் ஆணியடித்து, உயிரோடு நெஞ்சைத் திறந்து பார்த்தவர்களைப் பற்றிச் சொல்வார். நாய் அலறுவதும் எண்ணெய் போடாத சக்கரம் கிறீச்சிடுவதும் ஒன்றுதான் என்று அவர்களில் சிலர் நம்பியதையும் சொல்வார். அந்த நெஞ்சுரம் இன்றைக்கு யாருக்கு இருக்கிறது என்று பெருமூச்சு விடுவார். முன்வரிசை மாணவர்கள் பெருமூச்சையும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். அதே காலத்தில், அதே ஊர்களில், இது அநியாயம் என்று கூட்டம் போட்டுக் கத்தி, சட்டம் வரும்வரை ஓயாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் இவருடைய வரலாற்றில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கொழுந்தியாள் ஒன்றும் துறவி அல்ல. தன் கையிலிருக்கும் ஒவ்வொரு மருந்தும் முதலில் ஏதோ ஒரு பிராணியின் ரத்தத்தில் ஓடியது என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே அந்தக் கடனை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்களை அவளால் சகிக்க முடியவில்லை. ஆய்வுக்கூடத்தின் பக்கம் அவள் போனதே இல்லை. போயிருக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரிக்குப் புது நிர்வாகக் குழு வந்தது. அவர்கள் கண்ணெதிரே நாய்க்கு இதயம் பொருத்திக் காட்டப்போவதாக மேடை அறிவித்தார். வழக்கமாக அங்கே மயக்கம் கொடுப்பவர் காய்ச்சலில் படுத்துவிட, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொழுந்தியாளிடம் பேச்சு வந்தது. நீயே வந்துவிடு, நாய்தானே, உனக்கு ஒரு வேலையும் இருக்காது என்றார். அக்காவும் கண்ணால் கெஞ்சினாள். இவள் சரி என்றாள்.

அவள் கை கழுவிக்கொண்டு உள்ளே நுழைவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிர்வாகக் குழுவினர் விருந்தினர்களாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் அவர் விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் பழுப்பு நிற நாய் ஒன்று, தொண்டையில் குழாயோடு, கழுத்துத் தோல் கீறப்பட்டு, ஆடாமல் அசங்காமல் கிடந்தது. மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டது. அவள் மானிட்டரைப் பார்த்தாள். நாடித்துடிப்பு தலைதெறிக்க ஓடியது. நாயின் முகத்தைப் பார்த்தாள். கண்ணோரம் ஈரம் வழிந்து ரோமத்தில் இறங்கியிருந்தது.

என்ன மருந்து போட்டீர்கள் என்று உதவியாளரிடம் கேட்டாள். அவர் மேடையைப் பார்த்தார். மேடை ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, தசை தளர்த்தும் மருந்து போட்டாயிற்று, அது போதும் என்றார்.

"தூங்குறதுக்கு?"

"அதைக் குடுத்தா துடிப்பு குறையுது. ரீடிங் கெட்டுப்போகும். எப்பவுமே இப்படித்தான் பண்றோம்."

எப்பவுமே என்றால், எத்தனை நாய்கள், எத்தனை மணி நேரம். வாலைக்கூட அசைக்க முடியாமல், எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டு. அவள் ஊசியை எடுத்துத் தூக்க மருந்தை ஏற்றினாள், கூடவே வலி மருந்தையும். திரையில் எண்கள் மெல்ல மெல்ல இறங்கின.

"யாரைக் கேட்டுக் குடுத்த?" என்றார் மேடை. ஒலிவாங்கியிலிருந்து கையை எடுத்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. "அது அசையவே இல்லையே."

"அசைய முடியாது அத்தான். இவ்வளவு நேரமும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அத்தான் என்ற சொல் ஒலிபெருக்கி வழியாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. நாய்க்காக அல்ல, உறவு வெளியே தெரிந்துவிட்டதற்காக. கத்தியைத் தட்டில் போட்டுவிட்டு வெளியேறினார். விருந்தினர்களிடம் மருந்தில் சின்னக் குளறுபடி என்று சமாளித்தார். அவர்களும், அடடா, அப்படியா என்று தலையாட்டிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் உள்ளேயே நின்றாள். இளைய மருத்துவர் ஒருவரை அழைத்துக் கீறலைத் தைக்கச் சொன்னாள். தளர்த்தும் மருந்தை முறிக்க ஊசி போட்டாள். நாய் தானாக மூச்சுவிட்டதும் குழாயை உருவினாள். கொஞ்ச நேரத்தில் அது தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு அப்பால் நின்ற மனிதர்களைப் பார்த்துக் குரைத்தது. வாய் திறந்து மூடியது, தொண்டை எம்பியது, சத்தம் மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்ப அதையே செய்தது.

விருந்தினர்களில் ஒரு பெண்மணி பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏன் சத்தம் வரவில்லை என்று கேட்டார். மேடை வாயைத் திறப்பதற்குள் உதவியாளர் சொல்லிவிட்டார்.

"எல்லாத்துக்கும் குரல்நாணை வெட்டியாச்சுங்க. வார்டுல தூங்க முடியலைன்னு புகார் வந்துச்சு."

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் மேடையின் வகுப்புத் தோழர். மூத்த மருத்துவரிடம் மரியாதைக் குறைவாக நடந்ததாகக் கொழுந்தியாளுக்கு எச்சரிக்கை வந்தது. இனி ஆய்வுகளில் மயக்க மருந்தை 'இயன்ற அளவு' பயன்படுத்தலாம் என்றும் பரிந்துரைத்தார்கள். ஆய்வுக்கூடத்தை மூடியது அந்தப் பெண்மணியின் பிடிவாதத்தால்தான். அதுவும் கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் என்று அவர் சொன்ன பிறகு. கெட்ட பெயர் என்றால் அந்தக் கட்டடத்தில் தூணுக்கும் வலிக்கும். நாய்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். பழுப்பு நாயைக் கொழுந்தியாள் கூட்டிப்போனாள்.

அக்கா பல நாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். அவரிடம் கேட்டேன், அந்த நாய்க்கு வலித்திருக்குமா என்று, என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"வலிக்குதுன்னு அது சொல்லலையேன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாருடி."

அடுத்த ஆண்டு, ஆய்வுகளில் விலங்குகளைக் காக்கும் குழு ஒன்றை அரசு அமைத்தது. அனுபவம் உள்ளவர் வேண்டுமென்று தேடி, மேடையைத் தலைவராக்கினார்கள். தொடக்க விழாவில் வாயில்லாத உயிர்களின் வேதனையைப் பற்றி உருகி உருகிப் பேசினார், குரல் தழுதழுக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடுவில் முன்வரிசையில் அக்காவின் பக்கத்தில் கொழுந்தியாளைப் பார்த்தவர், கையிலிருந்த தாள்களில் இரண்டை ஒன்றாகப் புரட்டிவிட்டார். பேச்சு கருணையிலிருந்து நேராக நன்றியுரைக்குத் தாவியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அக்கா எழவில்லை. மடியில் இருந்த கைப்பையை மூடி, தங்கையின் முழங்கையைத் தொட்டாள்.

"எனக்குப் பசிக்குது. உன் வீட்டுல ஏதாச்சும் இருக்கா?"

இருவரும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே நடந்தார்கள்.