அரைச்சுருதி ஏறிய பாட்டு

ஒரு பாட்டை இத்தனை பேர் போட்டுக் குதறலாமா என்று கம்பிக்கு அடிக்கடி கோபம் வரும். இளவட்டமாக இருந்தபோது நாலு பேர் சேர்ந்து போட்ட ராக் பாட்டு அது. பெயர் ‘எழுப்பாதே’. தூங்குகிறவனை எழுப்பாதே என்று, தெருவே எழுந்து உட்காரும்படி கத்துகிற பாட்டு. குழு ஒரே வருடத்தில் சிதறிப்போனது. பாட்டு மட்டும் போன இடமெல்லாம் குட்டி போட்டது. மண்டபத்து பேண்டுக்காரர்கள் அதை நடனத்துக்கு வாசித்தார்கள். ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது, அதையாவது மன்னிக்கலாம். கறுப்புச் சட்டை மாட்டிய ‘மெட்டல்’ இசைப் பையன்கள் அதை உறுமினார்கள். வாத்தியமே இல்லாமல் மூன்று பெண்கள் பாடினார்கள். ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்டில் அது வயலினில் இழைந்தபோது, கம்பி பாதி வழியில் இறங்கி மிச்சத்தைப் படியேறிப் போனான்.

கம்பி என்பது கிட்டார் வாசித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். இப்போது அவன் காது கேட்கும் கருவி விற்கிற கடை வைத்திருக்கிறான். கத்திக் கத்தி ஊர்க்காதைக் கெடுத்துவிட்டு அதே காதுக்கு மெஷினும் விற்கிறான் என்று நண்பர்கள் வாரிவிடுவார்கள்.

அந்தக் கடைக்கு ஒரு காலை அவன் தங்கை வந்தாள். முகமே சரியில்லை. அவளுடைய கணவன்தான் அந்தப் பாட்டைப் பாடியவன். குழுவில் அவனுக்குத் தொண்டை என்று பெயர்.

“ரேடியோவிலருந்து மறுபடி கேட்டாங்கண்ணா. பாட்டோட வரலாறை ஒரு மணி நேர நிகழ்ச்சியா போடறாங்களாம். யார் யார் பாடினாங்களோ அத்தனையும் வருது. கடைசியில இவர் வந்து பாடணுமாம்.”

“மாப்பிள்ளை என்ன சொல்றாரு?”

“தலைகீழா நின்னாலும் மாட்டேங்கிறாரு. தொண்டையில ஒண்ணும் இல்லன்னு டாக்டர் எப்பவோ சொல்லியாச்சு. இருந்தும் குளிக்கும்போதுகூட ஒரு முணுமுணுப்பு கிடையாது. எங்கயாவது இந்தப் பாட்டு கேட்டா எழுந்து வெளிய போயிடறாரு. ஒரே ஒரு தடவை பாடிட்டா இந்தப் பீடை விட்டுப் போயிடும்ணா. நீ சொன்னா கேப்பாரு.”

மேசையில் ஒரு பென்டிரைவை வைத்தாள். ரேடியோக்காரர்கள் சேர்த்த எல்லா வடிவங்களும் அதில் இருந்தன.

தொண்டை பாடுவதை நிறுத்திய கதை கம்பிக்குத் தெரியாததா? இசைத்தட்டு வெளிவந்தபோது பாட்டு அவர்கள் வழக்கமாக வாசிப்பதைவிட அரைச்சுருதி ஏறியிருந்தது. ஸ்டுடியோவில் இருந்த ஓட்டைப் பியானோவுக்குச் சேர்த்துத்தான் அன்று கிட்டார்களைச் சுருதி கூட்டினார்கள். ஆகவே பழியைப் பியானோ மேல் போட்டாயிற்று. தட்டில் கேட்டது போலவே வேண்டும் என்று கூட்டம் அடம்பிடித்ததால், மேடையிலும் கிட்டார்க் கம்பிகளை அதே உயரத்துக்கு முறுக்கினார்கள். மூன்றாவது கச்சேரியில், கடைசி ‘எழுப்பாதே’யில் தொண்டையின் குரல் உடைந்தது. முன்வரிசை சிரித்தது, பின்வரிசை விசிலடித்தது, மானம் கப்பலேறியது. பதிவு நாளில் வந்த குரல் போயே போய்விட்டது என்று அவனே முடிவு கட்டினான். இன்று அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். “கிளட்ச், கிளட்ச்” என்பதுதான் அந்தத் தொண்டைக்கு மிஞ்சிய வேலை.

கம்பி மட்டும் யோக்கியமா? எப்படி அப்படிச் சுருதி வைத்தீர்கள் என்று பையன்கள் கேட்கும்போதெல்லாம், “அது ஒரு டெக்னிக் தம்பி” என்று வாய் கூசாமல் அளந்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையின் பின்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். எரிச்சலோடுதான் ஆரம்பித்தான். போகப்போக ஒன்று உறைத்தது: ஒருவர்கூடச் சுருதியை இறக்கவில்லை. உறுமுகிற பையன்கள்கூடக் கடைசி இடத்தில் அதே உச்சிக்கு முண்டியடித்து ஏறினார்கள். ஒரு பெண் கீபோர்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் பாடியிருந்தாள். உச்சிக்குப் போய், அங்கே ஆடாமல் அசையாமல் நின்றாள். கோபப்பட வேண்டும் என்பதே கம்பிக்கு மறந்துபோயிற்று.

பிறகு தங்கள் பதிவைப் போட்டான். கூடவே வாசித்துப் பார்க்கலாம் என்று கிட்டாரைப் பழைய ஆம்ப்ளிஃபயரில் செருகினான். பாட்டு தொடங்குவதற்கு முன்னால், பதிவிலிருந்த ஆம்ப்ளிஃபயர் ‘ம்ம்’ என்று இரைந்தது. அறையிலிருந்த ஆம்ப்ளிஃபயரும் ‘ம்ம்’ என்றது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பதிவிலிருந்த இரைச்சல் மேலே நின்றது.

கடைக்காரனுக்கே காது போய்விட்டதா என்று சந்தேகப்பட்டு, காது மெஷின்களைச் சோதிக்கிற கருவியில் வைத்து அளந்தான். சரியாக அரைச்சுருதி. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரைச்சல் கரண்டிலிருந்து வருவது. எந்த வீட்டில், எந்த வருடத்தில் செருகினாலும் ஒரே உயரம்தான். கிட்டாரைப் பியானோவுக்குச் சேர்க்கலாம், கரண்டை யாரால் சேர்க்க முடியும்? அப்படியானால் பியானோவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கு டேப் மெஷின் மெதுவாக ஓடித் தொலைத்திருக்கிறது. ஒழுங்காக ஓடுகிற மெஷினில் அதைப் போட்டதும் கிட்டார், டிரம்ஸ், இரைச்சல், தொண்டை எல்லாமே வேகம் பிடித்து மேலே ஏறிவிட்டன.

கணினியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். இரண்டு இரைச்சலும் ஒன்றில் ஒன்று அடங்கியதும் நிறுத்தி, அந்த வடிவத்தையும் பென்டிரைவில் ஏற்றினான். அதற்கு மேல் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியவன் அவனில்லை.

மறுநாள் பென்டிரைவோடு டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். தொண்டை இடைமறிக்காமல் கேட்டான்.

“அப்போ என் குரல் போகல.”

“இருந்ததுதான் இருக்கு மாப்பிள. அந்த உயரத்துல நீ பாடவே இல்ல. மெஷின்தான் ஏத்திவிட்டுச்சு.”

கட்டிப்பிடிப்பான், சிரிப்பான், குறைந்தபட்சம் அந்த ஸ்டுடியோக்காரனை நாலு வார்த்தை திட்டுவான் என்று கம்பி எதிர்பார்த்தான். தொண்டை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

“குரல் போச்சுன்னே நம்பிட்டேன் மச்சான். ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் தொடாத இடத்தைத் தொட்டேன்னு நெனச்சுக்கிட்டுதான் இத்தனை வருஷத்தை ஓட்டினேன். இப்ப அதையும் புடுங்கிட்டியே.”

கம்பிக்குச் சுருக்கென்றது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வந்தவன் அவன். “அப்படி இல்ல மாப்பிள” என்று மென்று முழுங்கினான்.

“அந்த பென்டிரைவைக் குடுத்துட்டு இறங்கு. அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கு.”

இரண்டு நாள் தகவலே இல்லை. பிறகு தங்கை போன் செய்தாள். “என்னண்ணா சொல்லிவச்ச? காரை வாசல்ல நிறுத்தி, கண்ணாடியை ஏத்திவிட்டு அந்தப் பாட்டையே கேட்டுக்கிட்டிருக்காரு. கூப்பிட்டா சாப்பிடக்கூட வரல.” கம்பி தன் வாயைத் தானே நொந்துகொண்டான். மூன்றாம் நாள் தொண்டையே கூப்பிட்டான். ஹலோகூட இல்லை.

“ரேடியோவுக்கு எப்ப வரணும்?”

பதிவறையில் மைக் முன்னால் இரண்டு நாற்காலிகள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தங்கை, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. அவள் பக்கத்திலிருந்து, நிகழ்ச்சி நடத்துகிற பெண் தொண்டையை அறிமுகம் செய்யத் தொடங்கினாள்.

“இந்தப் பாட்டை முதல்ல பாடினவர்...”

“ஒரு நிமிஷம்மா” என்றான் தொண்டை. “கீபோர்டோட தனியா ஒரு பொண்ணு பாடியிருக்கே, அதைக் கொஞ்சம் போடுங்க.”

போட்டார்கள். கண்ணை மூடிக் கேட்டான். அவள் உச்சிக்குப் போய் நின்ற இடத்தில் அவன் தலை மெல்ல அசைந்தது.

“அந்த இடத்துக்கு நிஜமாவே போனது இந்தப் பொண்ணுதான். நான் போனதே இல்ல. டேப்பு செஞ்ச கூத்து அது. யாரும் பாடாத ஒண்ணை யாரோ பாடிட்டாங்கன்னு நம்பி, இது பாடிக் காட்டிருக்கு. அதனால இதை முன்னாடி வைங்க. நான் பின்னாடி வர்றேன்.”

நிகழ்ச்சி நடத்துகிற பெண் விழித்தாள். கம்பி கிட்டாரின் ஆறு கம்பிகளையும் தளர்த்தி, மாப்பிள்ளையின் குரலுக்குச் சேர்த்தான். அவனுக்குக் கண் கரித்தது.

தொண்டை பாடினான். ஆரம்பத்தில் வரிகள் தடுமாறின, ஒரு சொல் மறந்தே போயிற்று. கடைசி ‘எழுப்பாதே’ நெருங்க நெருங்கக் கம்பி மாப்பிள்ளையின் வாயையே பார்த்து வாசித்தான். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் உடையவில்லை.

முடிந்ததும் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணனை அவள் பார்க்கவே இல்லை.

“என்ன, நல்லா இல்லையா?” என்றான் தொண்டை.

“ரெக்கார்டுல பாடறது யாரோ ஒருத்தன்” என்றாள். “இத்தனை வருஷத்துல அது நீங்கன்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு வாயைத் திறக்கல. இது நீங்க. நீங்க பேசி நான் தினமும் வீட்ல கேக்கிற குரல் இதுதான்.” சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.

தொண்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பினான்.

“இன்னொரு தடவை எடுக்கலாமாம்மா?” என்று கேட்டான்.