கழற்றிவைத்த பெயர்

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில், எங்கள் பக்கம், குடும்பப் பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவன் பிறந்த பெயரை வாசலிலேயே கழற்றிவிட்டு அந்தப் பண்ணையின் பெயரை மாட்டிக்கொள்ள வேண்டும். பன்றிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கத்தரீனா டீக்மானைக் கட்டிக்கொண்டு அவர்கள் பண்ணைக்கே போகிறேன் என்று நான் சொன்னதும், அப்பா ரொட்டியைத் தட்டில் போட்டார்.

“ரோட்ஹோஃபாப் பொறந்துட்டு டீக்மானாப் போறியா? வெக்கமா இல்ல?”

“நம்ம பண்ணையத் தங்கச்சிக்குக் குடுங்கப்பா.”

“அவளக் கட்டிக்க வர்ற எவனோ ஒருத்தன் என் பேர வச்சுக்கிட்டுத் திரிவான், நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? உன் கல்யாணத்துக்கு நான் வரல, போ!”

சொன்னால் சொன்னதுதான் என்கிற மனுஷர். அவர் இல்லாமல் தேவாலயத்தில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அம்மா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. “ஏங்க, ஒத்த மாட்டோட இந்த வீட்டுக்குள்ள வந்த கோர்டெஸ் யாரு? நாந்தான் ரோட்ஹோஃபாப் பொறந்தவ. என்னக் கட்டினதாலதானே அந்தப் பேரு உங்களுக்கு வந்துச்சு?”

“அது வேற.”

அதோடு ரொட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய மாமாக்கள் அங்கே பண்ணையே இல்லாமல் ரோட்ஹோஃப்களைப் பெற்றுத் தள்ளுகிறார்கள். அப்பா அதை மோசடி என்பார். தான் கோர்டெஸாகப் பிறந்ததை அவர் நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

கல்யாணத்தன்று தேவாலயத்தில் அவர் இல்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பூசை முடிந்து வெளியே வந்தால், எதிரே யாருடைய குதிரைக்கோ பல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தலையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் தொப்பி வேறு.

“டேய் கோர்டெஸ்!” என்று ஒரு குரல். அப்பாவோடு பள்ளியில் படித்த கிழவர் ஒருவர், விருந்துக்கு வந்தவர்.

அப்பா சட்டென்று திரும்பினார். ரோட்ஹோஃப் என்று கூப்பிட்டு அத்தனை வேகமாக அவர் திரும்பி நான் பார்த்ததே இல்லை. அவர் முகம் சிவந்துபோனது. குதிரையை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“மொத வருஷம் புதுப் பேரு காதுல ஏறாது. ரெண்டு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவ. அப்புறம் பழகிடும்.” அந்தக் கிழவரைத் திரும்பிப் பார்த்தார். “பழகிடுச்சுன்னுதான் நானும் நெனச்சேன்.”

தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டினார்.

“நல்லா இருங்க, டீக்மான்.”

அவர் யாரை வாழ்த்துகிறார் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.