எல்லாருக்கும் போடுவது

ஹாஜரா பிரசவ வார்டுக்குத் தனியாகத்தான் வந்தாள். கணவன் ஜபருல்லா ரங்கூன் கப்பலில் சமையல்காரன். அவன் பினாங்குக்குத் திரும்ப இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. உம்மா கடலுக்கு அந்தப் பக்கம், நாகூரில். வார்டில் தமிழ் பேசியவள், எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் நவமணி ஒருத்திதான்.

நவமணி எனாமல் குவளையும் ரப்பர் குழாயும் எடுத்து வந்தாள்.

"ஒருக்களிச்சுப் படுங்க. இனிமா குடுக்கணும்."

"எதுக்குக்கா? காலையிலேயே வெளிக்குப் போயிட்டுத்தானே வந்தேன்."

"எல்லாருக்கும் போடறதுதான். பிள்ளை சீக்கிரம் வரும், அழுக்கும் படாது."

ஹாஜரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சோப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாக உள்ளே ஏறியது. பிறகு வராந்தாக் கோடியிலிருந்த கழிவறைக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றைப் பிடுங்கியது எது, பிரசவ வலி எது என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பிள்ளை இங்கேயே விழுந்துவிடுமோ என்று பயந்து கதவைத் தட்டினாள். யாரும் வரவில்லை. உம்மாவை இரண்டு தடவை கூப்பிட்டாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். சுவரைப் பிடித்தபடி தானாகவே படுக்கைக்குத் திரும்பினாள்.

பக்கத்துக் கட்டிலில் அப்போதுதான் ரோஹானா என்ற மலாய்ப் பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். இனிமாவுக்கு நேரமில்லை. கால் மணிக்குள் குழந்தை பிறந்தது. கொஞ்சம் மலமும் வந்தது. நவமணி துணியால் துடைத்து விரிப்பை மாற்றினாள்.

ஹாஜராவுக்குச் சாயங்காலம்தான் பிறந்தது, ஆண் பிள்ளை. அவளுக்கும் மலம் தண்ணீராய்க் கொஞ்சம் வந்தது. அதையும் நவமணி அதே மாதிரிதான் துடைத்தாள்.

"பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவங்களுக்கு இனிமா போடலையே. என்ன கெட்டுப்போச்சுக்கா?" என்று ஹாஜரா மெல்லக் கேட்டாள்.

நவமணி கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றாள். "ஒண்ணும் கெடல. பதினோரு வருஷமாப் போடறேன். நீங்கதான் எதுக்குன்னு கேட்டீங்க. நான் யார்கிட்டயும் கேட்டதில்ல."

பார்வையாளர் நேரத்தில் ரோஹானாவின் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். ஹாஜரா பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த நவமணி வீட்டுக்குப் போகாமல் வந்து அவள் அருகில் உட்கார்ந்தாள்.

மறுநாள் நவமணி, எல்லாருக்கும் இனிமா போடத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டாள். வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஹாஜரா வீட்டுக்குக் கிளம்பிய காலையில் பிரசவத்துக்குப் புதிதாக ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தாள். நவமணி குவளை எதையும் எடுக்காமல் அவள் பக்கத்தில் குனிந்து கேட்டாள்: "இன்னைக்கு வெளிக்குப் போனீங்களா? இனிமா வேணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

பதிலுக்காக ஹாஜரா நிற்கவில்லை. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. கை நீட்டி ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினாள்.