பாதிச் சாப்பாட்டு ராஜா

துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற மண்டியில் வளர்ந்தவன் நான். அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்த பிறகும் புத்தி மாறவில்லை. எது விற்காமல் கிடக்கிறதோ அதைத்தான் முதலில் புகழ்வேன். அன்று கிடந்தது, கடையிலேயே விலை கூடிய பிராசசர்.

"இதுதாங்க ராஜா" என்றேன், இளம்பிள்ளையிலிருந்து வந்திருந்த தனப்பிரியாவிடம்.

"ராஜா எத்தனை கரண்ட் சாப்பிடுவாருங்க?"

காரணமாகத்தான் கேட்டாள். தறியில் ஏற்றும் முன்பே, சேலையைக் கட்டினால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கி வியாபாரிகளுக்குக் காட்டுவது அவள் தொழில். வாடகைக்கு ஒரு மாடி அறை. கரண்ட் போனால் கீழ்வீட்டு இன்வெர்ட்டர்தான் அவளுக்கும். அவளுடைய பழைய மெஷின் இழுத்த இழுப்பில் இரண்டு முறை இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்று, வீடே இருண்டுபோனது. இன்னொரு தடவை நின்றால் அறையைக் காலி செய்யவேண்டும் என்று வீட்டுக்காரர் முருகானந்தம் சொல்லிவிட்டார்.

"அப்போ நடுத்தரமானதே போதுங்களே" என்றேன், மனசே இல்லாமல்.

"ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்கண்ணா. என் சேலையைப் போட்டு."

பென் டிரைவை நீட்டினாள். பையிலிருந்து வாட் மீட்டரையும் எடுத்து பிளக்கில் செருகினாள். சொந்தத் தராசோடு கடைக்கு வருகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

நடுத்தர பிராசசர் நூற்றைம்பது வாட்டில் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது. ராஜா ஆறே நிமிடத்தில் முடித்தார். ஆனால் முந்நூற்று முப்பது வாட்!

"இன்வெர்ட்டர் தாங்காதுங்க" என்று நானே ஒப்புக்கொண்டேன்.

"இருங்கண்ணா, கொறைச்சுப் பரிமாறிப் பாப்போம்."

பயாஸ் செட்டிங்கைத் திறந்து, பிராசசர் இழுக்கிற கரண்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தாள். மறுபடி ஓட்டினாள். நூற்று அறுபது வாட், ஏழு நிமிடம்.

"அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பண்ணத்தாங்க மீதிக் கரண்டையெல்லாம் திங்குது. மொத்த யூனிட்டும் நடுத்தரத்தைவிடக் கம்மிதான்."

பத்து வருடமாக இந்தச் சரக்கை விற்கிறேன், எனக்குத் தோன்றியதில்லை. விலை கூடியது விற்றதே என்ற சந்தோஷத்தில், அதற்கேற்ற கூலர், பவர் சப்ளையெல்லாம் சேர்த்து பில் போட உட்கார்ந்தேன்.

"சூடு ஆத்தறதுக்குத் தண்ணி ஓடற கூலர் எதுக்குங்க? இத்தனை கம்மியாத் தின்னா ஃபேனே போதும். பெரிய பவர் சப்ளையும் வேண்டாம். ரெண்டையும் கழிச்சுக்குங்க."

என் லாபம் முழுக்க அந்த இரண்டில்தான் இருந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்ததோ! கழித்தேன். கழித்ததோடு விடாமல், நானே இளம்பிள்ளைக்குக் கொண்டுபோய் மாட்டியும் கொடுத்தேன். முடிவைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முருகானந்தம் முன்னெச்சரிக்கையாக டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மெயினை அணைத்தார். கீழே ஃபேன் சுற்றியது, டிவி ஓடியது. மாடியில், திரை மேல் மயில்கழுத்து நிறச் சேலை ஒன்று மடிப்பு மடிப்பாக விரிந்து முடிந்தது. இன்வெர்ட்டர் மூச்சு விடவில்லை.

"ரூமு உன்னுதுதான் சாமி" என்றார் முருகானந்தம். "இன்னொரு மிசினு போட்டாலும் தாங்குமாட்டம் இருக்குதே?"

"ரெண்டுக்கும் இன்னும் கொஞ்சம் கொறைச்சுப் பரிமாறினாத் தாங்குமுங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இதேமாதிரி இன்னொண்ணு என்ன விலைக்குத் தருவீங்க?"

வாயைத் திறந்ததும் உண்மை விலையைச் சொன்னது என் வாழ்நாளிலேயே அப்போதுதான். அவள் அதற்கும் கீழே கேட்டாள்.