ஐந்தாம் நாள் தண்ணீர்

தங்கராஜ் முகத்தில் மூன்று கொப்புளங்களோடு வேலைக்கு வந்தபோது, "கொசு கடிச்சிடுச்சிடா" என்றான். திண்டிவனம் சாலையில் உள்ள பெட்ரோல் பங்க்கில் எங்கள் இருவருக்கும் இரவு வேலை. ஒரே பாயில் மாறி மாறிப் படுப்போம். பதினைந்து நாள் கழித்து எனக்கு அம்மை போட்டது. தெரிந்தே வந்திருக்கிறான் நாய் என்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அம்மா வாசலில் வேப்பிலை செருகி, என்னைப் பின் அறையில் படுக்கவைத்தாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. நைனா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "பெரியம்மை ஒழிஞ்சி எத்தினியோ வருஷமாச்சி. இது சின்னம்மை, பயப்படாத. ஆனா மூச்சுலயே பரவும். கொப்புளத்து தண்ணி பட்டாலும் பரவும். கடைசி கொப்புளம் காஞ்சி பொருக்கு கட்டுற வரைக்கும் யார்கிட்டயும் போவாத. வீட்டுல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார்."

அன்றைக்கு அது பொய் இல்லை. மதுமதி அக்கா திண்டிவனத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஆறாம் நாள் வளைகாப்புக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள் என்பதை நான் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் அம்மை போட்டால் ஒற்றைப்படை நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் ஆத்தா இறங்கிவிட்டாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஐந்தாம் நாள் காலை அம்மா கேட்டாள். "எல்லாம் காஞ்சிடுச்சாடா? ஒண்ணு பச்சையா இருந்தாக்கூட ஏழாம் நாள்தான் ஊத்தணும். வளைகாப்ப தள்ளி வெச்சிக்கலாம். சம்பந்தி கத்துனா கத்தட்டும்."

முதுகில், இடுப்புக்கு மேலே, இரண்டு கொப்புளங்கள் நீர் கோத்திருந்தன. தடவினால் தெரிந்தது.

"காஞ்சிடுச்சிமா."

அக்கா கல்யாணத்தில் குடித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரோடு மல்லுக்கு நின்றவன் நான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். வளைகாப்பும் என்னால் நின்றது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. காரணம் அவ்வளவுதான். பனியனைக் கழற்றாமல் உட்கார்ந்தேன். அம்மா தண்ணீர் ஊற்றினாள், வாசலில் செருகிய வேப்பிலையை எடுத்துவிட்டாள்.

மறுநாள் அக்காவின் மாமியார் ஜெயக்கொடி வந்ததும் என்னைப் பார்த்தாள். "இன்னா சம்பந்தி, பையன் மூஞ்சி புள்ளி வெச்ச கோலமாட்டம் இருக்குது?"

"ஆத்தா வந்துட்டு போயிட்டா. நேத்து தண்ணி ஊத்தியாச்சி."

"ஊத்தியாச்சில்ல? அப்ப சரி."

நான் ஓரமாக நின்றேன். அக்கா விடவில்லை. "டேய் நரேஷ், பொண்ணு பாக்க வந்தவனாட்டம் இன்னாடா அங்க நிக்கிற? வந்து சந்தனம் பூசுடா."

போனேன். இரண்டு கன்னத்திலும் பூசினேன். அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூச்சு விட்டேன்.

பிரசவத்துக்காக அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். வளைகாப்பு முடிந்த பதினாலாம் நாள் அவள் வயிற்றில் முதல் கொப்புளம் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். "மூச்சு வாங்கினா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க. பிரசவம் ஒரு வாரமாவது தள்ளிப் போவணும். இப்பவே வலி எடுத்துட்டா குழந்தைக்கு ஆபத்து" என்றார்.

ஜெயக்கொடி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். "ஆத்தா எறங்கி முழுசா ஒரு நாள் ஆவல, வளைகாப்பு சாம்பார்ல கடுகு தாளிக்கிறீங்க. அந்தக் கோவந்தான் என் மருமவ மேல எறங்கியிருக்குது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "என் குத்தம்தான் சம்பந்தி."

தினமும் காலையில் ஈரப்புடவையோடு மாரியம்மன் கோயிலை நூற்றெட்டு சுற்று சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். அவளுக்கு முட்டிவலி. படியில் ஏறவே சுவரைப் பிடிப்பாள். நான் சும்மா இருந்தேன். மூன்று நாள் சும்மா இருந்தேன்.

அந்த நேரத்தில் அக்காவுக்கு நான்தான் துணை. வந்து போனவனுக்கு மறுபடி வராது என்று என்னை விட்டிருந்தார்கள். அவள் இருமும்போதெல்லாம் மூச்சு வாங்குகிறதா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். நாலாம் நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு அக்கா சொன்னாள்: "அம்மாவுக்கு முட்டி வீங்கிப் போச்சிடா. ஒரு கடுகுக்கா இவ்ளோ தண்டன?"

"கடுகு இல்லக்கா. அன்னிக்கி எனக்கு முதுவுல ரெண்டு காயல."

டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காஞ்சிடுச்சின்னு சொன்னேன்."

"தெரிஞ்சேதான் வந்து சந்தனம் பூசினியா?"

"தெரிஞ்சேதான்."

அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பாமலே, "போய் அதை நிறுத்து. அங்கயே சொல்லு" என்றாள்.

கோயில் கல்தரை அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. ஜெயக்கொடி நிழலில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா வரும்வரை காத்திருந்து இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன். டாக்டர் கேட்டதையும் சேர்த்தே சொன்னேன்.

"தூ! வவுத்துல புள்ள இருக்குறது தெரியாதாடா ஒனக்கு?" என்றாள் ஜெயக்கொடி.

"தெரியும்."

"போதும்மா, வா" என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"எத்தினியாவது சுத்து சம்பந்தி?"

"நாப்பத்தி ஒண்ணு."

அம்மா நடந்தாள்.

அன்றே துணிகளை எடுத்துக்கொண்டு பங்க் அறைக்கு வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்து, மத்தியானம் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"பொண்ணு பொறந்துருக்குது. ஒடம்புல ஒரு புள்ளி இல்ல. மதுவும் நல்லா இருக்குறா."

"நான் வரட்டுமாம்மா?"

பின்னால் குழந்தை அழுவது கேட்டது. அம்மா போனை மூடிக்கொண்டு யாரிடமோ கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அவளே கூப்புடுவாளாம். அப்ப வா."