நகலுக்குக் கிடைத்த லீவு

பிரிஸ்கில்லா காலையிலிருந்து அதே புரோகிராமைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மொபைல் கடைக்கு மாடியில் அந்த ஆபீஸ். வேடசந்தூர் ரோட்டில் உள்ள ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதிக்கு கேட் பாஸ் புரோகிராம் எழுதியவள் அவள்தான். லீவு கிடைத்தவள் கட்டைவிரலை வைத்தால் கேட் திறக்க வேண்டும். அமலராணிக்குத் திறக்கவில்லை.

அமலராணி பிரிஸ்கில்லாவின் தெருக்காரி; அந்த விடுதியில் தங்கி மில்லில் வேலை பார்ப்பவள். அம்மாவுக்குச் சாயங்காலம் ஆபரேஷன். கையெழுத்துப் போட வேறு ஆளில்லை. வார்டனிடம் போனை வாங்கிப் பேசினாள்.

"ஸ்கிரீன்ல லீவு குடுத்தாச்சுன்னு பச்சையா இருக்குக்கா. கேட்டுல வெரல வச்சா செவப்பு எரியுது."

ஓடுகிற நேரத்தில் கைக்கு வரும் உருப்படி என்ன வகை என்று அச்சிட்டுக் காட்ட ஒரு வரி சேர்த்தாள் பிரிஸ்கில்லா. வந்த வகைப் பெயருக்கு முன்னால், இது அசலின் முகவரி என்று காட்டும் நட்சத்திரக் குறி இல்லை. அவ்வளவுதான் கோளாறு. தொழிலாளியின் விவரம் அடங்கிய ஸ்டிரக்ட் என்ற தொகுப்பை, புரோகிராமின் இன்னொரு பகுதிக்கு இன்டர்ஃபேஸ் வழியாக அனுப்பும்போது, அதன் முகவரியைக் கொடுக்காமல் அதையே கொடுத்திருந்தாள். அப்படிக் கொடுத்தால் போவது நகல். லீவு நகலில் ஏறியது. ஸ்கிரீன் நகலைப் பார்த்துப் பச்சை காட்டியது, கேட் அசலைப் பார்த்து மூடியே கிடந்தது. காலேஜில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பாடம்தான்.

இரண்டு இடத்தில் முகவரிக் குறி போட்டாள். சரியாக ஓடியது. ஆனால் திருத்தியதை மில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பாஸ்வேர்டு அவள் ஆபீஸ் முதலாளி அழகுராஜாவிடம் இருந்தது.

அவர் மில் மேனேஜருக்குப் போன் போட்டார். பேசப் பேச முகம் மலர்ந்தது. வைத்துவிட்டு, ஏற்ற வேண்டாம் என்றார். யாருக்கும் கேட் திறக்காததால் இந்த மாதம் ஷிஃப்டுக்கு ஆளே குறையவில்லையாம்; லேபர் ஆபீசர் வந்தால் காட்ட, எல்லாருக்கும் லீவு கொடுத்த கணக்கும் கையில் இருக்கிறதாம்.

"அது தப்பு சார். நான் செஞ்ச தப்பு."

"ஒன்னைய யாராச்சும் திட்டுனாங்களா? அவுக ரிப்பேர்னே சொல்லல, நீ எதுக்கும்மா ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு ஓடுற?"

"அவ ஒருத்திக்காச்சும் தொறக்கச் சொல்லுங்க. அவங்கம்மாவுக்கு ஆபரேஷன்."

"ஒருத்திக்குத் தொறந்தா மத்தவ கேக்க மாட்டாளா? மொதல்ல நீ போட்டத எடு."

எடுக்கும்வரை நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். விரல் தானாக அழித்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

பொழுது சாயும்போது மறுபடி போன் வந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். அமலராணி அழவில்லை. பிரிஸ்கில்லா கேட்டாள்.

"சாப்டியா?"

"மெஸ்ஸுல எனக்குச் சோறு இல்லைங்குறாகக்கா. லீவுல போனவளுக்கு ஒல வைக்க மாட்டாகளாம்."

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.